குத்தியவனுக்கு வக்காலத்து

“நெஞ்சிலை வாளாலை குத்திப்போட்டு, இப்ப கையைப் பிடிச்சு அழுறாராம்! வெக்கங்கெட்ட பிறவி.”

பேர்ணடெட் இதைச் சொன்னது ஐபேடைப் பார்த்துத்தான். ஆனால் சொல்லி முடித்ததும் அவள் கண் நேராகப் புருசன் வின்சென்ற்றின் முகத்துக்குப் போனது. அவர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் குனிந்துகொண்டார்.

ஓடிக்கொண்டிருந்தது சீன நாடகம். கதாநாயகன் வானுலகப் படைத்தளபதி. இடுப்புவரை வெள்ளைத் தலைமயிர். பூக்களின் தேவதையை உயிருக்குயிராகக் காதலித்துவிட்டு, பேரரசரின் பேச்சைக் கேட்டு அவளையே குத்தி, மலையுச்சியிலிருந்து தள்ளியும் விட்டான். எல்லாம் அவளுடைய நன்மைக்காகவாம்.

வியாழக்கிழமை அந்தக் கட்டம் வந்தபோது வின்சென்ற் சும்மா இருந்திருக்கலாம். “பாவம், அவனுக்கும் ஏதும் காரணம் இருக்கும்தானே” என்று வாயை விட்டார். அன்றைக்கு அவரோடு பேச்சை நிறுத்தியவள்தான் பேர்ணடெட். இன்று ஞாயிறு. காலையில் பூசைக்குப் போகும்போதுகூடக் காரில் செபமாலை சொன்னாளே தவிர, அவரிடம் ஒரு சொல் இல்லை.

முதலில் வின்சென்ற்றுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கலியாணம் கட்டிய இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ சண்டை. ஒரு வெள்ளைத்தலையனுக்காக மனிசி மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பது இதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை காலை, பல் தீட்டும்போதுதான் அவருக்குச் சுரீர் என்றது. அவருடைய ஈமெயிலும் அதே ஐபேடில்தான் வருகிறது.

கடல் தாண்டிப் பிறிஸ்பேனில் இருந்து வேலைக் கடிதம் வந்ததும் அதே வியாழக்கிழமைதான். பெரிய கட்டட வேலைகளுக்கு வயரிங் சூப்பர்வைசர். அடுத்த மாதமே வந்துவிட வேண்டும். ‘ஓம், வாறன்’ என்று வின்சென்ற் பதிலும் போட்டுவிட்டார். பேர்ணடெட்டிடம் மூச்சு விடவில்லை. நல்ல நேரம் பார்த்து மெல்லச் சொல்லலாம் என்பது திட்டம். அந்த நல்ல நேரம் எப்போது வரும் என்பது திட்டத்தில் இல்லை. இப்போது ஐபேடில் மனிசி அதை வாசித்துவிட்டாள் என்றே அவருக்குப் பட்டது.

பேர்ணடெட் பதினைந்து வயதில் மன்னாரை விட்டு ஓடியவள். பிறகு மடு, மண்டபம் முகாம், கொழும்பு. ஆக்லாந்துக்கு வந்த பிறகும் நாலு வாடகை வீடு. ஒனிஹங்காவில் இந்த வீட்டை வாங்கிய அன்று வாசலில் நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “இனிப் பெட்டி கட்டமாட்டம்தானே?” “மடுமாதா சத்தியமா” என்று சொன்னவர் வின்சென்ற்.

எனவே வெள்ளி மத்தியானத்திலிருந்து அவர் பிராயச்சித்தத்தில் இறங்கினார். கோப்பை கழுவினார். உடுப்புக் காயப்போட்டார். சனிக்கிழமை மீனும் வெட்டி, கூடவே தன் பெருவிரலையும் வெட்டிக்கொண்டார். மகள் ஜனுஷா பிளாஸ்டர் ஒட்டும்போது, “டாட், வாட் டிட் யூ டூ?” என்றாள். விரலைப் பற்றித்தான் கேட்கிறாளா என்பது அவருக்கு விளங்கவில்லை.

இப்போது நாடகத்தில், அந்தத் தளபதி தேவதையின் பட்டுப்போன பூமரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். வின்சென்ற் தொண்டையைச் செருமினார்.

“முந்நூறு வருசமாத் தண்ணி ஊத்துறான் பாவம். இனி மன்னிக்கலாம்தானே?”

மூன்று நாளில் முதல் தடவையாக பேர்ணடெட் அவரிடம் வாய் திறந்தாள்.

“பூமரம் கேட்டதே தண்ணி? தள்ள முன்னம் அவளிட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தானே! ‘உன்ரை நன்மைக்கு’ எண்டு சொல்லிச் சொல்லியே, ஆம்பிளையள் எல்லாரும் தங்கடை எண்ணத்துக்குச் செய்யிறது.”

“எல்லாரும் எண்டா?”

“எல்லாரும்தான்.”

“அப்ப, அவன் என்ன செய்தாச் சரிவரும்?”

“வாளைக் கீழை போட்டிட்டு, வாயைத் திறந்து உண்மையைச் சொல்லட்டும். நான் எண்டா மன்னிப்பன்.”

அவர் எழுந்து பின்வளவுக்குப் போனார். வற்றுக்கடல் நேரம். மனுக்காவ் கடற்குடாப் பக்கமிருந்து சேற்று மணம் அடித்தது. போனை எடுத்து, ‘குடும்ப நிலைமை, வர இயலாது, மன்னிக்கவும்’ என்று பிறிஸ்பேனுக்கு எழுதி அனுப்பினார். சூப்பர்வைசர் பதவி பறந்து போனது. ஆனால் நெஞ்சுக்குள் இருந்த பாறாங்கல்லும் அதோடு போனதுபோல் இருந்தது.

உள்ளே வந்தார். முழங்காலில் நிற்கத்தான் நினைத்தார். ஆனால் முழங்கால்கள் உடன்படாததால் சோபாவின் நுனியில் அமர்ந்தார்.

“பேர்ணடெட், பிழை என்னிலைதான். உம்மட்டைக் கேக்காமல் அந்த வேலைக்கு நான் ஓம் எண்டிருக்கக் கூடாது. இப்ப வேண்டாம் எண்டு எழுதிப்போட்டன். நாங்கள் பிறிஸ்பேனுக்குப் போகேல்லை. இதுதான் எங்கடை கடைசி வீடு.” அவர் இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்ந்தார். “எல்லாம் தெரிஞ்சும் நீர் மூண்டு நாள் பொறுத்தீர் பாரும், அதுதான் என்னைச் சுட்டது.”

பேர்ணடெட் நாடகத்தை நிறுத்தினாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, மடியில் வைத்தாள்.

“எந்தப் பிறிஸ்பேன்?”