மூன்று பிழைகள்

தகுதி ஒன்றுதான் அளவுகோல் என்று கேன்டீனில் தினமும் முழங்கும் அரவமுதன், அன்று வேலைத் தேர்வுக்கு வந்த பேச்சிக்கனியின் எதிரே தேர்வாளராக உட்கார்ந்திருந்தார். இருபது நிமிடத்தில் ஒரு புரோகிராம் எழுத வேண்டும். அவளோ ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டினாள். பத்து நிமிடத்தில் நான்கே வரி.

“பேப்பர்ல எழுதவா சார்? எங்க காலேஜ்ல எட்டுப் பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். பேப்பர்ல சரியா இருந்தாத்தான் தொடவே விடுவாங்க.”

கடகடவென எழுதி நீட்டினாள். அடித்தல் திருத்தல் இல்லை. கணினி அடியெடுத்துக் கொடுக்காமல் ஒரு வரி எழுதியே பல வருஷமாகிவிட்ட அரவமுதனுக்கு லேசாக வியர்த்தது. விதிப்படி தேர்வாளர் கணினியைத் தொடக் கூடாதுதான். ஆனாலும் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, தாளைப் பார்த்துத் தானே அடித்தார். பத்து வயதில் அப்பா வாங்கித் தந்த கணினியில் பழகிய விரல்கள் பறந்தன. புரோகிராம்தான் ஓடவில்லை.

“சார், ஒம்பதாவது வரியில ஒரு பிராக்கெட்ட விட்டுட்டீங்க. இன்னும் ரெண்டு இடத்துலயும்… எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்.”

அதற்குள் நேரம் முடிந்து திரை பூட்டிக்கொண்டது. ‘பேச்சிக்கனி: பிழைகள் மூன்று. தேர்ச்சி இல்லை.’

“பரவால்ல சார், அவசரத்துல எல்லாருக்கும் வர்றதுதான்” என்று அவள்தான் அவரைத் தேற்றினாள்.

ஹெச்.ஆர். மெர்லின் எட்டிப் பார்த்தாள். “அடுத்த ஆளக் கூப்பிடவா சார்?”

“மூணு தப்பும் நான் அடிச்சது மெர்லின்.”

“சாருக்கு எப்பவும் விளையாட்டுதான்” என்று சிரித்தபடி மெர்லின் அடுத்த பெயரைப் பட்டியலில் தேடினாள்.

அரவமுதன் எழுந்து போய், மெர்லினை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, “விளையாட்டு இல்ல, இந்தத் தாளப் பாருங்க” என்றார்.