உள்ளூர்க்காரர் முதலில்

"வெள்ளைக்காரிக்கு எதுக்கும்மா ஆதார்? குற்றால அருவி என்ன, இவங்க பாட்டன் வெட்டி விட்டதா?"

தென்காசி இ-சேவை மையத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் ஹரிஹரசுப்பிரமணியன் சத்தமாகக் கேட்டார். நெற்றி நிறைய விபூதி, தோளில் பட்டு அங்கவஸ்திரம், கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த வெந்நீர். மேலகரத்துப் பூர்விக வீட்டைப் புதுப்பித்துக் குடிவந்த நாளிலிருந்து எந்த விழா மேடையிலும் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு.

அவருக்கு முன்னால் நின்ற கிளாரா, ஜெர்மனிக்காரி. ஐந்தருவி ரோட்டில் வெகுநாளாகக் குடியிருப்பவள்.

"கேஸ் கனெக்‌ஷனுக்குக் கேக்காவ அண்ணாச்சி. சாரல்ல விறகு பூரா நனைஞ்சு கெடக்கு" என்றாள்.

"அண்ணாச்சியாம்! தமிழ் பேசிட்டா இந்தியன் ஆயிடுவாங்களா? பேச்சு, டிரெஸ், இதெல்லாம் வேஷம். பாஸ்போர்ட் என்ன சொல்லுது? அதுதான் கணக்கு."

கவுன்ட்டரில் இருந்த முத்துச்செல்வி தலையைத் தூக்கினாள். "சார், வருசத்துல பாதி நாளுக்கு மேல இங்கன இருந்தா வெளிநாட்டுக்காரவியளுக்கும் உண்டு. ரூல் அப்படி."

"ரூல் இருக்கட்டும். தேசம்னு ஒண்ணு இருக்கில்ல?"

அவருடைய அவசரம் வேறு. தெருப் பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகக் குழுவுக்கு அவர்தான் தலைவர் என்று பஸ் ஸ்டாண்டில் ஃபிளெக்ஸ் ஏறியாயிற்று. ஆனால் குழுவின் வங்கிக் கணக்குக்காக இன்று சாயங்காலத்துக்குள் ஆதார் பதிந்த சீட்டைக் கொடுக்காவிட்டால், பதவி உரக்கடை பாண்டிராஜுக்குப் போய்விடும். இங்கேயோ சர்வர் நொண்டுகிறது. வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஷட்டரை இறக்கிவிடுவார்கள்.

அவர் வரிசையைப் பார்த்துத் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க! நம்ம ஊர்ல நம்ம ஆளு காத்துக் கிடக்கணும், அந்நிய தேசத்துப் பாஸ்போர்ட் முன்னால நிக்கணுமா? அவங்க எல்லாருக்கும் கடைசியில வரட்டும்!"

"ஐயா சொல்லுதது ஞாயந்தான்!" என்றார் பின்னால் நின்ற ஆலங்குளத்து இசக்கிதுரை. ஓர் ஆள் குறைந்தால் அவருக்கும் லாபம். நாலைந்து பேர் கைகூடத் தட்டினார்கள்.

முத்துச்செல்வி பெருமூச்சு விட்டாள். "ஊரே சொல்லுது, நான் என்ன செய்ய? கிளாராம்மா, கோவிச்சுக்கிடாதிய. கடைசியா வாங்க."

கிளாரா பையை எடுத்துக்கொண்டு வாசலோரம், வரிசையின் வாலில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

ஹரிஹரசுப்பிரமணியன் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு கவுன்ட்டர் நாற்காலியில் அமர்ந்தார். கும்பாபிஷேகமே முடிந்துவிட்ட முகம்.

"திருத்தமா சார், புதுசா?"

"புதுசும்மா. சட்டுனு முடி."

"ஆதாரத்துக்கு என்ன வச்சிருக்கிய?"

ஜிப்பாப் பையிலிருந்து நீல அட்டைப் பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்தார். முத்துச்செல்வி அட்டையில் இருந்த கழுகைப் பார்த்தாள். அவர் நெற்றி விபூதியைப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் எட்டிக் குரல் கொடுத்தாள்:

"கிளாராம்மா, பெஞ்சில கொஞ்சம் நவுந்து இரிங்க. உங்களுக்குப் பொறவு ஒரு அமெரிக்காக்காரர் வாராவ!"