ஒற்றை ஃபோல்டர்

கம்ப்யூட்டர் திரையில் நேற்றுவரை கடுகு சிந்தினாற்போல் கிடந்த நாற்பத்து மூன்று ஃபோல்டர்களையும் காணவில்லை. வெறும் நீலத்தின் நடுவில் ஒன்றே ஒன்று நின்றது. அதன் பெயர் 'லிஃப்ட்'.

"பரவாயில்லையே, வீட்டைப் பெருக்குற மாதிரி இதையும் பெருக்கிட்டியே!" அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பெருக்கலண்ணா, அடுக்கினேன்."

"ஏதோ ஒண்ணு. இது மட்டும்தான் பாக்கி. இதையும் அழிச்சிடு."

"மாட்டேன்."

அண்ணன் அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். சங்கத்துக்கு வரும் கடிதங்களை வாங்கி, தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பது தங்கையின் வேலை. பத்து நாள் முன்பு நான்காவது மாடியில் லிஃப்ட் வராமலே கதவு திறந்துகொள்ள, உள்ளே கால் வைத்த லிஃப்ட்காரர் ஒரு மாடி ஆழம் விழுந்து கால் முறிந்து கிடக்கிறார். நாளைக்கு விசாரணை.

"கதவு சரியில்லைன்னு யாருமே புகார் தரலைன்னு எழுதிக் கொடுத்தாச்சு. காகிதத்தையெல்லாம் கிழிச்சாச்சு. அந்த ஆளு கவனமா இல்ல, விழுந்துட்டாருன்னு முடிஞ்சிடும். உனக்கு என்ன வந்தது?"

"அவருக்கு வேலை போயிடுமேண்ணா. பதினோரு புகார் வந்திருக்கு. முதல் புகாரே அவர் கைப்பட எழுதினது, ஆறு மாசம் முன்னாடி."

"ஆறு மாசமா உன் வாய் எங்க போச்சு?"

"ஒவ்வொண்ணையும் உங்க மேஜையிலதான் வச்சேன். 'அப்புறம் பார்க்கலாம்'னது நீங்கதான்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கு அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. எதிலும் நிச்சயமாக இருந்தும் பழக்கமில்லை. மாலைநேரக் கம்ப்யூட்டர் வகுப்பில் சொல்வதை நோட்டில் எண் போட்டு எழுதுவாள்; செய்து பார்த்து டிக் போடுவாள்; பிறகு அந்த டிக் சரிதானா என்று சந்தேகப்படுவாள். இன்று காலையிலும் அந்த நோட்டின் நான்காம் நாள் பக்கத்தை மூன்று முறை படித்திருந்தாள்.

"நாலு வாரம் சாயங்கால வகுப்புல உட்கார்ந்ததுக்கே இவ்வளவு பேச்சா?" என்றார் அண்ணன். "குறுக்குவழியில பெரிய ஆளாயிடலாம்னு பார்க்கிறியா?"

"குறுக்குவழி எது, நிஜம் எதுன்னு நாலாம் நாளே சொல்லிக் கொடுத்துட்டாங்கண்ணா."

அண்ணன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையருகே குனிந்தார். "இதென்ன, மூலையில எறும்பு மாதிரி?"

"எறும்பில்ல, அம்பு."

"எதுக்கு?"

"போற இடத்தைக் காட்டுறதுக்கு."

"இது போக வேண்டிய இடத்தை நான் காட்டுறேன், பாரு." அவர் மவுஸைப் பிடித்தார். அவள் சட்டென்று அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"இது என் கம்ப்யூட்டர்ணா."

"வாங்கிக் கொடுத்தது யாரு?"

"வாங்கிக் கொடுத்தது நீங்க. உள்ள இருக்கிறது லிஃப்ட்காரரோட பிழைப்பு."

அண்ணன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். ஒரு கிளிக், ஒரு தட்டு. கண் இமைப்பதற்குள் 'லிஃப்ட்' மறைந்தது. விவரம் தெரிந்தவர், அதோடு விடவில்லை. குப்பைத்தொட்டியைத் திறந்து அதையும் காலி செய்தார். காகிதம் கசங்குவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

திரை துடைத்துவிட்ட கரும்பலகை மாதிரி இருந்தது.

"முடிஞ்சது கதை. நாளைக்கு விசாரணைக்காரர் வந்தா சும்மா இரு, அது போதும்."

"சும்மா இருக்க மாட்டேன்."

"கையில ஒரு துண்டுச் சீட்டு இல்லாம என்னத்தைப் பேசுவே?" சிரித்தபடியே செருப்பை மாட்டிக்கொண்டார். லிஃப்ட் ஓடாததால் ஐந்து மாடியும் நடைதான். படியில் அவர் செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டை விரித்தாள். வரி மாறிவிடாமல் இடது விரலை வைத்துக்கொண்டு, வலது கையால் மவுஸை நகர்த்தினாள். ஒரு இடத்தில் கை நின்றது. மூச்சு மெல்ல வெளியே வந்தது. பிறகு மளமளவென்று தட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் படியில் மறுபடி செருப்புச் சத்தம். இந்த முறை ஏறி வந்தது, இரண்டிரண்டு படியாக.

அண்ணன் வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. கையில் செல்போன், அதில் ஒரு மின்னஞ்சல். பெறுநர்: விசாரணை அதிகாரி. நகல்: சங்கச் செயலாளர். இணைப்பு: பதினோரு புகார்கள். முதலாவது, லிஃப்ட்காரரின் கோணல்மாணலான கையெழுத்தில்.

"என் கையால அழிச்சேனே! தொட்டியைக்கூடக் காலி பண்ணேனே!"

அவள் நான்காம் நாள் பக்கத்தில் ஒரு டிக் போட்டாள். சந்தேகம் வரவில்லை.

"நீங்க அழிச்சது அந்த ஃபோல்டருக்குப் போற குறுக்குவழியைத்தாண்ணா!"