மஞ்சள் மட்டும்

செய்தி வாசிப்பவளின் முகத்தில் மஞ்சள் ஏறியிருந்தது.

மூன்று கேமராக்களின் நிறத்தையும் ஒன்றுபோல் வைத்துக்கொள்வது அவன் வேலை. விடுப்பு முடிந்து அன்றுதான் கட்டுப்பாட்டு அறையில் வந்து உட்கார்ந்திருந்தான். கேமராதான் ஏதோ வம்பு செய்கிறது என்று நீலத்தைக் கொஞ்சம் கூட்டினான்.

அவள் முகம் தெளிந்தது. ஆனால் பக்கத்தில் இருந்த விருந்தினரின் வெள்ளைச் சட்டை நீலம் பாரித்துப்போனது.

பழையபடி வைத்தான். சட்டை வெளுத்தது, அவள் மறுபடி மஞ்சளானாள்.

அடுத்த கேமராவிலும் அதே கதை. படத்தைப் பெரிதாக்கிக் கண்ணைப் பார்த்தான்.

விழியின் வெள்ளையே மஞ்சளாக இருந்தது.

விளம்பர இடைவேளை வந்ததும் அரங்குக்குள் ஓடினான். மேக்கப் போடும் பெண் விலகும்வரை பொறுத்திருந்து, குனிந்து கேட்டான்.

"டாக்டர்கிட்ட போனியா?"

அவள் மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"போயாச்சு. ஆஸ்பத்திரியில சேரணுமாம். அம்மா டிவியில பாத்துடக் கூடாதுடா, அப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது. அதுக்குத்தான் உன் ஷிப்டைக் கேட்டு வாங்கினேன்."

அவர்கள் அக்காவும் தம்பியும் என்பது அங்கே பலருக்குத் தெரியாது.

அவன் கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பி வந்தான்.

நிறம் திருத்தும் கருவியில் மஞ்சளை மட்டும் தனியே பிரித்தான். மற்ற எந்த நிறத்தையும் தொடாமல், அதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வடியவிட்டான். அவள் மேசைமேல் இருந்த மஞ்சள் கோப்பை திரையில் சாம்பல் பூத்துப்போனது. அதை யார் பார்க்கப்போகிறார்கள்?

அக்காவின் கண்கள் வெளுத்தன.

"இப்பதான் பளிச்சுன்னு இருக்கு," என்றார் இயக்குநர்.

அவள் ஒரு ரயில் விபத்தையும் ஒரு விளையாட்டு வெற்றியையும் குரல் பிசகாமல் வாசித்து முடித்தாள். கடைசியில் வழக்கம்போல் சிரித்தாள். அவன் நாற்காலியில் சாய்ந்தான். அப்போதுதான் தன் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருப்பது அவனுக்கு உறைத்தது.

விளக்குகள் அணைவதற்குள் போன் அடித்தது. ஊரிலிருந்து அம்மா.

"இன்னிக்கு நீதானே வேலையில இருந்தே?"

"ஆமாம்மா."

"அதானே. நேத்துவரைக்கும் மஞ்சளா இருந்த கண்ணு, ஒரே நாள்ல எப்படி வெளுக்கும்?"

அந்தப் பக்கம் அம்மா பைக்குள் துணிகளைத் திணிக்கும் சத்தம் கேட்டது.

"எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லு. நான் கிளம்பிட்டேன்."