ஹிலாரியோவின் புலிமுகம்

தடதடவென்று வாத்தியக்காரர்கள் மேலேயே போய் விழுந்தது புலி.

சர்ச் வாசலில் நின்ற கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சீச்சிகாஸ்தெனாங்கோ மலையூர்த் திருவிழாவின் மான் ஆட்டத்தில் புள்ளிப் புலி வேஷம் கட்டுகிற தொமிங்கோ வருஷா வருஷம் விழுவான். இந்த வருஷம் இது மூன்றாவது தடவை.

ஹிலாரியோவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவன் மாட்டியிருந்த அந்த மரப் புலிமுகத்தைச் செதுக்கியவர் அவர். நாற்பது நாள் உளி பிடித்து, கண்ணாடிக் கண் பதித்துச் செய்தது.

விறுவிறுவென்று போய் தொமிங்கோவின் சட்டையைப் பிடித்தார்.

"குடிகாரப் பயலே! அது என்னன்னு தெரியுமாடா உனக்கு? அந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் ராத்திரி வானத்து நட்சத்திரம். அந்தக் கண்ணு பாதாளம் வரைக்கும் பார்க்கும். நம்ம மாயன் பாட்டன் பூட்டன் கும்பிட்ட முகத்தை இப்படிப் புழுதியில புரட்டறியே!"

"மன்னிச்சிடுங்கண்ணே. கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு" என்றான் தொமிங்கோ, முழங்காலைத் துடைத்துக்கொண்டே.

ஆட்டத்தை நடத்துகிற பொனிஃபாசியோ தலையைச் சொறிந்தார். "இவனை விட்டா வேற ஆள் ஏது? நாளைக்குப் புலிக்கு எங்க போறது?"

"ஏன், நான் இல்ல? செதுக்கத் தெரிஞ்சவனுக்கு ஆடத் தெரியாதா?"

"ஐம்பத்தாறு வயசுலயா?"

"புலிக்கு ஏதய்யா வயசு!"

மறுநாள் ஊரே பார்க்க, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முகமூடியை மாட்டினார் ஹிலாரியோ.

இருட்டு.

உச்சி வெயிலில், கிணற்றுக்குள் இறங்கின மாதிரி இருட்டு. தலையை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். யாரோ ஒருவரின் செருப்பு மட்டும் ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

அதற்குள் மரிம்பா வாத்தியம் முழங்கிவிட்டது. கௌரவமாக ஒரு குதி குதித்தார். இறங்கின இடம் தாமலே என்கிற சோளமாவுக் கொழுக்கட்டை விற்கிறவளின் பானை.

"ஹிலாரியோவும் தண்ணி போட்டுட்டாருடோய்!" என்று யாரோ கத்த, கூட்டம் ஆர்ப்பரித்தது.

மூலையில் உட்கார்ந்து முகமூடியைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடிக் கண்ணுக்குக் கீழே, ஆடுகிறவன் பார்ப்பதற்கான கீறல். முகத்தின் அழகு கெட்டுவிடுமே என்று ஒரு சோளநார் நுழைகிற அகலத்துக்குத்தான் விட்டிருந்தார். இத்தனை வருஷத்தில் தான் செய்த எதையும் ஒருதரம்கூட மாட்டிப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

'பாதாளம் தெரியுற கண்ணாம், பக்கத்துல இருக்கிற பானை தெரியல. நல்ல சிற்பிடா நீ!' தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். சட்டையெல்லாம் சோளமாவு.

அப்படியே தொமிங்கோ வீட்டுக்கு நடந்தார். அவன் கயிற்றுப் படுக்கையில் காலை நீட்டிக் கிடந்தான். அவன் மனைவி மக்காரியா சோளரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா, எத்தனை வருஷமா இந்தக் குருட்டுப் புலியைக் கட்டிக்கிட்டு அழறே?"

"எட்டு வருஷம்ணே."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"மொத வருஷமே சொல்லத்தான் வந்தேன். யாரோ வெளியூர்க்காரங்களுக்கு அந்தக் கண்ணைப் பத்தி விளக்கிட்டிருந்தீங்க. அவ்வளவு சந்தோஷம் உங்க முகத்துல. அந்த முகத்துக்கிட்ட போய், தெரு தெரியலைன்னு எப்படிச் சொல்றது? இந்த மலையில அந்த மாதிரிப் புலி வேற யார் கைக்கும் வராதுண்ணே. உடைச்சுப் போட்டுட்டீங்கன்னா?"

ஹிலாரியோ சட்டையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டார். "சரி விடு. கீறலை இன்னிக்கே அகலமாக்கிடறேன். ஆனா நீயும் குடியைக் கொஞ்சம் குறைச்சுக்கணும்டா."

தொமிங்கோ கூரையைப் பார்த்தான்.

மக்காரியாவுக்குப் பொறுக்கவில்லை. கையிலிருந்த மாவைத் தட்டில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"குடியா? உங்க முகமூடிக்கு ஒரு சொல்லு வந்துடக் கூடாதுன்னு எட்டு வருஷமா ஊர்ல குடிகாரப் பட்டம் சுமக்கிறாரு. இந்த மனுஷன் இதுவரைக்கும் ஒரு சொட்டு வாயில வச்சதில்லண்ணே!"