அரைத்த மாவு

"அறிவிருக்கா உனக்கு?"

பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்ட வாடிக்கையாளரிடம் கம்பெனியின் சாஃப்ட்வேர் இப்படிக் கேட்டிருந்தது. அவர் சாதாரண ஆளில்லை, கம்பெனிக்கே சோறு போடுகிறவர். அதை எழுதிய ஆளுக்கு இன்றே சீட்டுக் கிழியும் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார்.

டீம் லீடருக்குச் சந்தேகமே இல்லை. "வேற யாரு மேடம்? இந்தப் புதுப் பொண்ணுதான். அந்த ஸ்கிரீன் இவ வேலை."

புதுப் பெண்ணுக்கு முகம் வெளுத்தது. வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். "நான் எழுதலை மேடம்!" என்று எடிட்டரில் அந்த வரியைப் போட்டுத் தேடினாள். கம்பைல் ஆன ஃபைல்களிலிருந்து வேண்டாததெல்லாம் திரையில் வந்து கொட்டியது.

லீடர், தானே சொல்லி 'கோடிங் புலி' என்று அச்சடித்து வாங்கிய காபிக் கப்பை ணங்கென்று மேஜையில் வைத்தான்.

"தேடக்கூடத் தெரியலை பாருங்க! நாம எழுதுறது கோதுமை. மெஷின் அதை கம்பைல் பண்ணி அரைச்சு வைக்கிறது மாவு. கோதுமையைத் தேடுன்னா மாவுல போய்க் கையை விடுது. எங்கதான் படிச்சுட்டு வருதுங்களோ!"

அவளை நகரச் சொல்லிவிட்டு, கம்பைல் ஆன ஃபைல்களை ஒதுக்கிவிட்டு அவனே தேடினான். ஒன்றும் வரவில்லை.

"பாத்தீங்களா? சத்தமில்லாம அழிச்சுட்டா. காலையில முதல்ல வந்தது இவதான்!"

"நான் வந்தப்பவே நீங்க சீட்ல இருந்தீங்களே சார்..."

"ஏய், என்னையே சொல்றியா? திமிரப் பாருங்க மேடம்!"

முதலாளியம்மாவுக்குக் கோடிங்கும் தெரியாது, கம்பைலும் தெரியாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "முதல்ல நிறையக் கொட்டுச்சே, அந்த மாவைக் காட்டு."

"ஐயோ, அது குப்பை மேடம். மனுஷன் படிப்பானா அதை?"

"நான் படிக்கிறேன். காட்டும்மா."

புதுப் பெண் மறுபடி தேடினாள். முதலாளியம்மா திரையில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டுகிற மாதிரி நிதானமாகப் படித்தார்.

"அறிவிருக்கா உனக்கு... பக்கத்துலயே கையெழுத்து வேற. இப்படிக்கு, கோடிங் புலி."

லீடரின் கை தானாகக் கப்பை மறைத்தது.

"கோதுமையை அள்ளிட்டு, மாவைத் திரும்ப அரைக்க மறந்துட்டியேப்பா. கப்பையாவது மறக்காம எடுத்துட்டுக் கிளம்பு!"