இராசமலர் கேட்காத கேள்வி

1982ஆம் ஆண்டு இராசமலரும் கணவன் கனகலிங்கமும், வன்னியில் குடியேறிய மலையகத் தமிழரின் வரலாற்றைத் தங்கள் சொந்த முயற்சியில் படமாக்கிக்கொண்டிருந்தார்கள். கமரா அவருடைய பொறுப்பு, ஒலிப்பதிவு இவளுடையது.

ஸ்கந்தபுரத்தில் குடியேறியிருந்த பேச்சியம்மாவிடம் ஒரு காலை முழுவதும் கதைத்துப் பதிவு செய்துவிட்டு வந்த இராசமலர், பரந்தனில் தங்கள் வீட்டுக் குசினியில் அந்தக் கசெற்றைப் போட்டுக் கேட்டு எழுதத் தொடங்கினாள். எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு லொறியில் வந்த கதையைப் பேச்சியம்மா சொல்லிக்கொண்டு போனார். நடுவில் இராசமலரின் குரல், "ஆரை விட்டிட்டு வந்தனீங்கள்?" என்று கேட்டது.

"தங்கச்சி ராக்காயிய" என்ற பேச்சியம்மா நெடுநேரம் அழுதார்.

இராசமலர் பென்சிலைக் கீழே வைத்தாள். நேரில் கதைத்தபோது பேச்சியம்மா அழவே இல்லை.

"இஞ்சை வந்து கேளுங்கோ. இது என்ர குரல்தான். ஆனா நான் இதைக் கேக்கேல்லை."

கனகலிங்கம் இரண்டு தரம் போட்டுக் கேட்டார். "ஓம், நீர் கேக்கேல்லை. நானும் பக்கத்திலைதானே நிண்டனான்."

மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் திரும்பிப் போனார்கள். பேச்சியம்மா சுளகில் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். ராக்காயியின் பெயரைச் சொன்னதும் அவர் திகைக்கவில்லை.

"லாரியில பக்கத்துல உக்காந்து நீங்கதானேம்மா கேட்டீங்க. வேற யாருகிட்டயும் நான் சொன்னதில்ல."

எழுபத்தேழில் இராசமலர் பருத்தித்துறையில் தாய்வீட்டில் இருந்தாள். அதைச் சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் பாயில் அமர்ந்தாள்.

"பிறகு நான் என்ன சொன்னனான், அம்மா?"

"என் தங்கச்சியப் பாத்துட்டு வாறேன்னு மாங்குளத்துல இறங்கிப் போனீங்க."

பேச்சியம்மா சுளகைத் தள்ளி வைத்துவிட்டு அவளுக்கு அருகே நகர்ந்து வந்தார்.

"எப்படி இருக்கா?"